வேலிக்குள் பெய்யும் மழை: கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு வடிகாலும் மண்ணரிப்பும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் கோடை மழை பெய்கிற சித்திரையிலும், பிறகு தீபாவளியை ஒட்டிய ஐப்பசியிலும் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. காலையில் வெயில் கொளுத்தும். மதியத்துக்குப் பிறகு தித்திவாங்சா மலைத்தொடர்ப் பக்கம் மேகம் கறுக்கும். மூன்று, நான்கு மணிக்கு இடியோடு இறங்கி, ஒரு மணி நேரத்தில் 50, 60 மில்லிமீட்டர் பெய்துவிட்டுப் போய்விடும். கோலாலம்பூரின் ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சென்னையின் மழை 1,400 அளவில்தான். சென்னை மண்ணுக்கு அடுத்த மழை வரும்வரை காய்ந்து இறுகப் பல மாதங்கள் கிடைக்கின்றன. பத்துமலை மண்ணுக்குச் சில நாட்கள்கூடக் கிடைப்பதில்லை.

இந்த மழையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆறு, அணை, சுரங்கம் என்று பெரிய பணிகளைப் பற்றியே பேசுகிறோம். கிள்ளான் கேட்ஸ் அணை 1958இல் வந்தது. பத்து அணை 1987இல். 2007இல் வெள்ளநீரைத் திசைதிருப்பும் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளம், 13.2 மீட்டர் விட்டம். தேக்கக் குளங்களையும் சேர்த்தால் 30 லட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்துவைக்கும். நகரின் நடுப்பகுதியைப் பலமுறை காப்பாற்றிய பணி இது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஸ்மார்ட் காப்பது ஆற்றோரத்தை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லோங்காங் எனும் கால்வாய் நிரம்பி அடுப்பங்கரைக்குள் வரும் தண்ணீருக்கும், வேலியோர மண் கரைந்து பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்வதற்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தண்ணீர் ஆற்றை எட்டுவதற்கு முன்பே வேலையைக் காட்டிவிடுகிறது. அது எங்கே புறப்படுகிறது என்று பார்த்தால், நம் கூரையிலும் நம் வளாகத்திலும்தான். அங்கே என்ன செய்வது என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. கிள்ளானில் நல்லது பத்துமலையில் கெடுதலாகலாம். பத்துமலையில் தாங்குவது உலு கிள்ளானில் உயிரைக் குடிக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் ஆபத்தானவை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு கணக்கு. 22 அடி அகலம், 75 அடி நீளம் உள்ள ஒரு சாதாரண வரிசை வீட்டு மனை ஏறத்தாழ 153 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, 60 மில்லிமீட்டர் மழையில் அந்த மனையில் விழுவது 9,000 லிட்டருக்கு மேல். முன்பக்கம் புல்லும் பின்பக்கம் வாழையும் கறிவேப்பிலையும் இருந்த காலத்தில் அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. இன்னொரு பகுதி மெதுவாக வெளியேறியது. இப்போது முன்னால் கார் போர்ச், மொசைக் தரை. பின்னால் பின்சந்துக் கால்வாய்வரை இழுத்துக் கட்டிய அடுப்பங்கரை. விழுந்த தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சில நிமிடங்களில் கால்வாய்க்குப் போகிறது. இருபது வீடுகள் கொண்ட ஒரு வரிசை இப்படிச் செய்தால் ஒரு மணி நேரத்தில் 180 கன மீட்டர். வீட்டு மனைப் பகுதிகளின் சிறு கால்வாய்கள் பொதுவாக ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைக் கணக்கில் வைத்து அமைக்கப்படுபவை. அந்தக் கணக்கும் வீடுகள் விற்கப்பட்ட நாளின் புல்தரையை வைத்துப் போட்டது. பிறகு நடந்த நீட்டிப்புகளை எந்தக் கால்வாயும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை.

இந்த நிலத்தில் மண் கரைந்து ஓடுவது புதிய கதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயத்துக்காகக் குன்றுகளைத் தோண்டிக் கழுவிய சேறு ஆறுகளின் படுகையை உயர்த்தியது. சிலாங்கூரின் வடபகுதியில் கோல குபு நகரம் 1883இல் அணை உடைந்து சீரழிந்தது. அதன் பிறகும் சுரங்கச் சேறு வந்து படிந்துகொண்டே இருந்ததால் கடைசியில் நகரத்தையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைய கோல குபு பாரு அப்படிப் பிறந்ததுதான். கோலாலம்பூர் 1926இலும் 1971 ஜனவரியிலும் கண்ட பெரு வெள்ளங்களுக்குப் பின்னாலும் மண் நிரம்பிய ஆறுகள் இருந்தன. நகரம் வளர்ந்தபோது சுரங்கத்தின் இடத்தைக் கட்டுமானத் தளங்கள் பிடித்துக்கொண்டன. புவியியலாளர் இயன் டக்ளஸ் கோலாலம்பூரின் நகர மண்ணரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிள்ளான் ஆற்றின் வண்டல் வரவு செலவை ஜி. பாலமுருகன் 1991இல் கட்டேனா ஆய்விதழில் வெளியிட்டார். மழை பெய்தவுடன் ஆறு தேநீர் நிறத்துக்கு மாறுவதை நாம் இயற்கை என்று எடுத்துக்கொள்கிறோம். அது எங்கோ ஒரு மேட்டின், ஒரு வளாகத்தின் மேல்மண்.

இங்கே தமிழர்களுக்கென்று ஓர் அறிவு இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ரப்பர்த் தோட்டங்களின் தொடக்க காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கி வைப்பதே நல்ல நிர்வாகம் என்று துரைமார்கள் நம்பினார்கள். அந்தப் புல்லை வெட்டியவர்கள் நம் பாட்டன், பாட்டிகள். விளைவாக மலைச்சரிவுகளின் மேல்மண் ஆண்டுதோறும் மழையோடு போனது. தவறு உறைத்த பிறகு முறை மாறியது. பியூராரியா, காலபோகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுகொடிகளைப் பரப்பி நிலத்தை மறைத்தார்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் படிகள் வெட்டினார்கள். வழிந்து வரும் சேற்றுநீரை நிறுத்த இடையிடையே வண்டல் குழிகள் தோண்டினார்கள். 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவற்றைப் பரிசோதித்துப் பரப்பியது. குழியை எங்கே போடுவது, படியை எந்தப் பக்கம் சாய்ப்பது, குழி நிறைந்தால் அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் மண்வெட்டி பிடித்த தொழிலாளியின் கைக்குத் தெரிந்திருந்தது. கிள்ளான் கடலோரத் தோட்டங்களிலோ வேறு பாடம்: கரை கட்டுவது, கடல் ஓதம் ஏறும்போது மதகை மூடுவது, இறங்கும்போது திறப்பது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, 1970களுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த அறிவு அவர்களோடு வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. தோட்டத்துச் சரிவைக் காத்தவரின் பிள்ளைகள் தம் வீட்டுப் பின்புறச் சரிவைச் சிமெண்டால் பூசினார்கள். வறுமையும் வசதியின்மையும் நிறைந்த லயத்து வாழ்க்கையை மறக்க விரும்பியவர்களுக்குச் சிமெண்டுத் தரை ஒரு கௌரவம். அந்த ஆசையைக் குறைகூற நான் யார்? ஆனால் நீர் போகும் வழியைப் பற்றி அந்தத் தலைமுறைக்குத் தெரிந்ததை நாம் எழுதி வைக்கவில்லை என்பது பெரிய இழப்பு.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வளாகத்தை மண் தெரியப் பெருக்கி, தெளித்து வைப்பது நம் வீடுகளின் அழகு. பாம்புக்குப் பயந்தும் செடிகொடியைச் செதுக்கிவிடுவோம். வாசலுக்கு அது சரி. வீட்டின் பக்கவாட்டிலும் வேலியோரத்திலும் அது மண்ணைக் கொல்கிறது. இந்த ஊர் மழையில் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள துளி வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெற்று மண்ணில் அது மோதும்போது மண்துகள் பிரிந்து தெறிக்கிறது. தெறித்த நுண்துகள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிட, அடுத்த துளி உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடத் தொடங்குகிறது. ஓட்டம் திரண்டு கீறலாகி, கீறல் ஓடையாகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருந்தால் அந்த வீட்டில் மண்ணரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். மரத்தடியில் காய்ந்த இலையை விட்டுவைப்பதும், கௌகிராஸ் புல்லை நெருக்கமாகப் பதிப்பதும், நிழலில் புல் வராத இடத்தில் படர் செடி வைப்பதும் மலிவான மருந்து. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறொன்றை நான் காணவில்லை.

அரசு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000இல் வெளியிட்ட நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு, மலாய்ச் சுருக்கத்தில் எம்எஸ்எம்ஏ, மலேசிய வடிகால் சிந்தனையையே திருப்பிப் போட்டது. அதுவரை தண்ணீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறோம் என்பதே பொறியாளரின் பெருமை. கையேடோ, மழை விழுந்த இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்து என்றது. புதிய கட்டுமானத்தால் ஒரு நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பு இருந்ததைவிடக் கூடக் கூடாது என்றது. புல் வாய்க்கால், மனைக்குள்ளேயே தேக்கித் தாமதமாக விடும் தொட்டி, வண்டல் தடுப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. 2012இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பினாங்கு மாநிலம் நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகம் முழுவதையும் இதே சிந்தனையில், சிமெண்டுக் கால்வாய்க்குப் பதிலாகப் புல் வாய்க்கால்களால் அமைத்துக் காட்டினார்கள். சிங்கப்பூர் 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய மேம்பாடுகளுக்குத் தண்ணீரைத் தேக்கி விடும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது.

குறை எங்கே என்றால், இந்த விதிகள் புதிய திட்டங்களை நோக்கியவை. பள்ளத்தாக்கில் நாம் வசிக்கும் தாமான்களில் பல அவற்றுக்கு முன்பே கட்டப்பட்டவை. பெரிய மேம்பாட்டாளரிடம் தேக்கக் குளம் கேட்கும் ஒழுங்கு, ஒவ்வொரு வீட்டிலும் சிறிது சிறிதாக நடக்கும் சிமெண்டுப் பூச்சைத் தொடுவதில்லை. ஒரு வீட்டின் நீட்டிப்பு அற்பமானது. இரண்டாயிரம் வீடுகளின் நீட்டிப்பு ஒரு புதிய வீடமைப்புத் திட்டத்துக்குச் சமம். அதற்கு மட்டும் தேக்கக் குளம் கிடையாது.

சரி, அப்படியானால் எல்லோரும் தரையை உடைத்து மழையை மண்ணுக்குள் இறக்கிவிடலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதும், சென்னையின் கிணறுகளில் நீர் ஏறியதும் நம்மில் பலருக்குத் தெரியும். உறிஞ்சு குழி தோண்டும் படங்கள் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் சென்னையின் பிரச்சினை வறண்ட நிலத்தடி நீர். நம்முடையது வேறு. இங்கே காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் குழி தோண்டக் கூடாது.

பத்துமலையை எடுத்துக்கொள்வோம். 1890இல் கே. தம்புசாமிப் பிள்ளை கோயில் அமைத்த அந்தக் குன்று, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புப் பாறை. கண்ணுக்குத் தெரிவது மலை. அதே பாறை சுற்றுவட்டாரத்துச் சமவெளியின் அடியிலும், கோலாலம்பூரின் பெரும்பகுதிக்குக் கீழும் பரவிக் கிடக்கிறது. நீர் அரித்த குகைகளும் கூர்முனைகளும் அதற்குள்ளும் உண்டு. மேலே ஆற்று வண்டலும், பழைய ஈயக்குட்டைகளை நிரப்பிய மணலும் சேறும். இப்படிப்பட்ட நிலத்தில் கூரைநீர் முழுவதையும் ஒரே குழியில் இறக்கினால், அது மணலைப் பாறையின் வெடிப்புகளுக்குள் இழுத்துக்கொண்டு போகக்கூடும். மேலே புல் பச்சையாக இருக்கும். அடியில் வெற்றிடம் வளரும். ஒருநாள் தரை உள்வாங்கும். ஸ்மார்ட் சுரங்கம் தோண்டியபோதும் இந்தச் சுண்ணாம்புப் பாறை பொறியாளர்களை இப்படித்தான் சோதித்தது. ஆகவே பத்துமலை, செலாயாங், ஜிஞ்சாங் சுற்றுவட்டாரத்தில் நீரைப் புல்தரையில் பரவலாக இறங்க விடுவது நல்லது; ஒரே புள்ளியில் குவித்து இறக்குவது கூடாது. கூரைக்குழாய் கால்வாய்வரை ஒழுகாமல் போக வேண்டும். சுவரையும் அதை ஒட்டிய சிமெண்டு மேடையையும் பிரிக்கும் வெடிப்பை அவ்வப்போது அடைக்க வேண்டும். அந்த ஒரு விரல் இடுக்கில் இறங்கும் நீர்தான் மேடைக்கு அடியிலுள்ள மணலைச் சத்தமில்லாமல் கழுவுகிறது. மேடையைத் தட்டிப் பார்த்தால் பானையைத் தட்டுவது போல் வெற்றொலி கேட்டால், தாமதிக்காமல் ஆளை அழைத்துப் பார்க்க வேண்டும்.

கிள்ளானுக்குப் போனால் படமே மாறிவிடும். கடல்சார் களிமண், நீர் இறங்கவே இறங்காது. துறைமுகப் பக்கம் பெரிய ஓத நாட்களில் கடல் மட்டம் ஐந்து மீட்டரைத் தாண்டும், மதகுகள் மூடப்படும். அந்த நேரத்தில் மழையும் பெய்தால் தண்ணீர் நின்ற இடத்தில்தான் நிற்கும். 2021 டிசம்பர் 18இல் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியபோது ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாளுக்கு வீட்டு அளவில் மருந்து இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாதாரண இடிமழைக்கு உண்டு: தொட்டியில் பிடித்துவைத்து, ஓதம் இறங்கிய பிறகு விடுவது. இந்தப் பகுதியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வீடு ஆழமான தூண்களில் நிற்கிறது. வளாகத்து மண்ணோ ஆண்டுதோறும் அமிழ்கிறது. கட்டியபோது தெருவை நோக்கிச் சரிந்திருந்த வாய்க்கால் சில ஆண்டுகளில் வீட்டை நோக்கிச் சரியத் தொடங்கும். வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் தேங்குகிறது என்றால் அடைப்பைத் தேடுவதற்கு முன் சரிவைப் பார்க்க வேண்டும். ஒளிபுகும் சிறு குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளின் மட்டத்தை ஒப்பிடுவது கொத்தனார்கள் எல்லோரும் அறிந்த வழி, செலவே இல்லை.

உலு கிள்ளான், அம்பாங், புக்கிட் அந்தாராபங்சா. இங்கேதான் என் எழுத்து அவசரப்படுகிறது. கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான மண் இது. வறண்டிருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள ஈர இழுவிசை அதைப் பிடித்துவைக்கிறது. மழைநீர் உள்ளே நிறைய நிறைய அந்தப் பிடி தளர்கிறது. துவாரங்களில் நீரின் அழுத்தம் ஏறி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு நின்ற சரிவு ஒரு நாளில் போய்விடுவது இதனால்தான். இங்கே உறிஞ்சு குழி தோண்டுவது சரிவின் எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவது. உச்சியில் விழும் நீரை மேலேயே தடுத்து, சிமெண்டு வாய்க்காலில் ஏற்றி, படிப்படியாகக் கீழே இறக்கி, பொதுக் கால்வாயில் சேர்க்க வேண்டும். சமவெளியில் நான் குறைசொன்ன அதே சிமெண்டு இங்கே உயிர்க்காப்பு.

1993 டிசம்பர் 11, ஒரு சனிக்கிழமை மதியம், இதே உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் குடியிருப்பின் முதல் கட்டடம் சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடம். அதன் பின்னால் படி வெட்டிய செங்குத்தான சரிவு. சரிவுக்கு மேல் காடு அழிக்கப்பட்ட வெளி. மலையிலிருந்து வந்த ஓர் ஓடையைக் குழாய்க்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். வடிகால்கள் போதாமலும் பராமரிப்பில்லாமலும் கிடந்தன. நாள்கணக்கில் மழை பெய்ததும் சரிவிலிருந்த தடுப்புச் சுவர்கள் விழ, மண் அடுக்கடுக்காகப் பின்வாங்கிச் சரிந்து கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. அந்தப் பேரிடரைக் கட்டடத்தின் தோல்வி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் வேர் வடிகாலில் இருந்தது.

வழக்கின் முடிவு ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிய வேண்டியது. 2000இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் பொறுப்பைப் பலருக்கும் பங்கிட்டார்: மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு, கட்டடக்கலைஞருக்கும் பொறியாளருக்கும் ஆளுக்கு 10, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15, மேலே காட்டை அழித்த நிறுவனத்துக்கும் அதன் திட்ட மேலாளருக்கும் சேர்த்து 20. எல்லாவற்றிலும் பெரிய பங்கு, 30 விழுக்காடு, பின்சரிவு நிலத்தின் உரிமையாளருக்கு. கட்டடத்தைக் கட்டாதவர், விற்காதவர். தன் நிலத்துச் சரிவையும் அதன் வடிகால்களையும் பேணாமல் விட்டவர். நிலத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் பொறுப்பை ஏற்படுத்தலாம் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. பிறகு 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974இன் 95(2) பிரிவின் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அதன் பலனாக, மேட்டு நிலத்தின் வடிகாலைக் கேள்வி கேட்க அதிகாரமுள்ள அமைப்பு, கேட்காமல் விட்டதற்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலை உண்டானது. அந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

அதற்குப் பிறகும் அதே வட்டாரத்தில் 2002இல் தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா மண்ணுக்குள் போய் எட்டுப் பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6இல் புக்கிட் அந்தாராபங்சாவில் பதினான்கு வீடுகள் நொறுங்கின. 2011இல் உலு லங்காட்டில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் பின்சரிவு விழுந்து பதினாறு பேரைக் கொண்டுபோனது. 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள்.

சரிவின் அருகே வீடு உள்ளவர்கள் மழை நேரத்திலேயே குடையோடு வெளியே வந்து பார்க்க வேண்டும். நின்ற பிறகு பார்த்தால் பாதி செய்தி போய்விடும். தடுப்புச் சுவரின் கசிவுத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. துளைகள் காய்ந்திருந்து சுவரின் பொருத்துகளில் ஈரம் தெரிந்தால் அவை அடைபட்டிருக்கின்றன. பின்னால் நீர் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது. கலங்கல் நீர் வந்தால் மண்ணும் சேர்ந்து வருகிறது. சுவர் வயிறு தள்ளுவது, மேலே தரையில் வில்போல் வளைந்த வெடிப்பு, நிமிர்ந்த மரம் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது எல்லாம் பொறியாளரை அழைக்க வேண்டிய அறிகுறிகள். சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று கசிவுத் துளைகளைச் சிமெண்டால் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெட்டிவேரைப் பற்றி ஒரு வார்த்தை. 1980களின் இறுதியிலிருந்து ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி.கே. யூன் அதை மலேசிய மண்ணில் பரிசோதித்தார். பொறியாளர் திதி ஹெங்சாவனிச் நெடுஞ்சாலைச் சரிவுகளில் நட்டுக் காட்டினார். அதன் வேரின் இழுவலிமை சராசரி 75 மெகாபாஸ்கல் என்று அவர் பங்கேற்ற ஆய்வு கண்டது. சாதாரண எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வேர் இரண்டு, மூன்று மீட்டர் நேராகக் கீழே இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், இடைவெளி விடாமல் நடவேண்டும். சரிவோடு மேலிருந்து கீழாக நட்டால் வரிசைகளுக்கு இடையில் தண்ணீருக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகும். மேல்மண் அரிப்புக்கு அது அருமையான காவல். பத்து மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணை அதனால் நிறுத்த முடியாது. வாழையைச் சரிவில் நட்டு மண் பிடிக்கும் என்று நம்புவது வீண். அதன் வேர் மேலோட்டமானது, அடித்தண்டு நிறைய நீரோடு கனமானது.

தொட்டிகளைப் பொறுத்தவரை நான் ஆதரவாளன்தான், ஆனால் மிகையான நம்பிக்கை இல்லை. ஒரு லட்சம் வீடுகளில் ஆளுக்கு 2,000 லிட்டர் பிடித்தால் இரண்டு லட்சம் கன மீட்டர். ஸ்மார்ட்டின் கொள்ளளவில் பதினைந்தில் ஒரு பங்கு. பெரு வெள்ளத்தை அது தடுக்காது. ஆனால் மழையின் முதல் இருபது நிமிடத்தில், பின்சந்துக் கால்வாய் மூச்சுத் திணறும் நேரத்தில், அது அந்தந்தத் தெருவுக்கு உதவும். ஒரு நிபந்தனை: அடுத்த மழைக்கு முன் தொட்டி காலியாக இருக்க வேண்டும். நிறைந்த தொட்டி மழையைப் பிடிக்காது. வலை இல்லாத தொட்டியும், நீர் வடியாத வண்டல் குழியும் ஏடிஸ் கொசுவின் வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால், எந்தக் குழியும் இரண்டு நாளில் வடிந்துவிட வேண்டும். டெங்கி மிகுந்த சிலாங்கூரில் இது சிறு எச்சரிக்கை இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்தத் தரைவீடும் கொஞ்சம் கையில் பணமும் உள்ளவர்களுக்கு. வாடகை வீட்டுக்காரர் தரையை உடைக்க முடியாது. ஆற்றோரக் கம்பத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மேலேயிருந்து வரும் அளவு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆனால் கோயில்களால் செய்ய முடியும். பள்ளத்தாக்கில் எத்தனையோ ஆலயங்கள் தங்கள் வளாகத்தை மதிலிலிருந்து மதில்வரை ஓடு பதித்து வைத்திருக்கின்றன. திருவிழாக் கூட்டத்துக்கு அது வசதி. பந்தல் போடாத ஓரங்களில் புல்லும், மண்டபக் கூரைக்குத் தொட்டியும் வைத்தால் அந்தத் தண்ணீரே வளாகம் கழுவப் பயன்படும். மக்கள் கூடும் இடத்தில் கண்ணால் பார்க்கும் முன்மாதிரி, எந்தக் கையேட்டையும்விட விரைவாக வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

ஊராட்சி மன்றங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வீட்டு நீட்டிப்புக்கு அனுமதி கொடுக்கும்போது, கூடுதலாக மூடப்படும் தரையின் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும். பதில் இல்லாத வரைபடம் திரும்பிப் போகட்டும். மற்றது சாலை. ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போடுவதால் பழைய தாமான்களில் தெரு ஏறிக்கொண்டே போகிறது. வீடுகள் பள்ளத்தில் விழுகின்றன. ஒரு காலத்தில் தெருவை நோக்கி வடிந்த வளாகங்களுக்கு இப்போது தெருவிலிருந்து தண்ணீர் வருகிறது. வீட்டுக்காரர் வாசலில் ஒரு மேடை கட்டுகிறார். அடுத்த தார் அதையும் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய அடுக்குப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதே ஒழுங்கைச் செலாயாங்கிலும் கிள்ளானிலும் ஒப்பந்தத்தின் விதியாக எழுதிவிடலாம். புதிய அணையோ சுரங்கமோ இதற்குத் தேவையில்லை. அடுத்த சாலைப் பணியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.